பெமிட்ரெக்செட் ஊசிக்கு முன் ஏன் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்? பாம்பனிலிருந்து கேட்டவருக்கு

பாம்பனிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது. ஆயுள் முழுக்க விசைப்படகில் தொழில் செய்தவர். நுரையீரலில் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோய் என்று மதுரையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெமிட்ரெக்செட், கார்போபிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றப்போகிறார்கள். ஆனால் உடனே தொடங்கவில்லை. பி12 ஊசி ஒன்றைப் போட்டு, ஃபோலிக் அமில மாத்திரையைக் கையில் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். சத்து மாத்திரைக்காக ஒரு வாரத்தை இழக்கலாமா, வேறு மருத்துவமனைக்குப் போய் நாளைக்கே தொடங்கிவிடலாமா என்பது அவருடைய பதற்றம். அதோடு, இடுப்பு வலிக்கு வழக்கமாக வாங்கும் மாத்திரையைத் தொடரலாமா, மீன் கொடுக்கலாமா, மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் கடலுக்குப் போவேன் என்று அப்பா பிடிவாதம் பிடிக்கிறாரே, விடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் கேட்பது ஒன்றுதான். மதுரையிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தள்ளி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டில், இந்த மருந்தை எடுக்கும் ஒருவரை ஆபத்தில்லாமல் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா? முடியும். பெமிட்ரெக்செட் நரம்பில் ஏறுவதற்கு ஆகும் நேரம் பத்தே நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடமும் செவிலியர் பக்கத்தில் இருப்பார். இந்த மருந்தால் மோசமான நிலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் அந்தப் படுக்கையில் போனவர்கள் அல்லர். அதற்கு முந்தைய வாரத்திலும் பிந்தைய இரண்டு வாரங்களிலும் வீட்டில் நடந்த ஏதோ ஒன்றால் போனவர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல, மருந்தாளுநர். புற்றுநோய்ப் பிரிவில் இந்த மருந்துகளை அளந்து கலந்து கொடுப்பதும், நோயாளிகளுடன் வருபவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் பல ஆண்டுகளாக என் வேலை. இந்தக் கடற்கரைதான் எனக்கும் ஊர் என்பதால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று தெரியும். ஆனால் உங்கள் அப்பாவின் ஸ்கேனையோ ரத்தப் பரிசோதனையையோ நான் பார்க்கவில்லை. அவருக்கு இந்தச் சிகிச்சைதான் சரியா, எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்பதை அவரைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும். இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் அந்த ஒரு வாரம். நம் உடலில் ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதிய டிஎன்ஏ வேண்டும். அதைக் கட்டுவதற்கு ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், அங்கே ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் ரத்தசோகை, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாறால் குணமாவதைக் கண்டறிந்தார். அதில் இருந்த சத்துதான் பிறகு ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாபிரகட சுப்பாராவின் குழு அதை ஆய்வகத்தில் தயாரித்தது. அதே குழு, அதன் சாயலில் இருந்துகொண்டு அதன் வேலையைக் கெடுக்கும் எதிர்மருந்துகளையும் தயாரித்தது. அவற்றில் ஒன்றை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, தற்காலிகமாகவேனும் நோய் அடங்கியதை 1948இல் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். அந்தப் பரம்பரையில் பின்னால் வந்ததுதான் பெமிட்ரெக்செட். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வேதியியலாளர் எட்வர்ட் டெய்லரின் ஆய்வில் உருவாகி, 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உயிரணுவுக்குள் புகுந்து, ஃபோலேட்டை நம்பி இயங்கும் மூன்று நொதிகளை அது முடக்கிவிடுகிறது. புற்றணு பிரிய முடியாமல் சாகிறது.

புற்றணுவைப் போலவே வேகமாகப் பிரியும் நல்ல அணுக்களும் நமக்கு உண்டு: எலும்பு மஜ்ஜையில், வாயின் உள்தோலில், குடலின் உட்சுவரில். இந்த மருந்தை முதன்முதலில் மனிதர்களிடம் சோதித்தபோது சிலருக்கு வெள்ளணுக்கள் அடியோடு சரிந்தன, வாயெல்லாம் புண்ணாகியது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. சிகிச்சையின் விளைவாலேயே சிலர் இறந்தார்கள். யார் இப்படிப் பாதிக்கப்படுகிறார்கள் என்று தேடியபோது, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவு கூடியிருந்தவர்கள், அதாவது உடலில் ஃபோலேட்டும் பி12உம் முன்பே குறைவாக இருந்தவர்கள் என்று தெரிந்தது. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கான பெரிய ஆய்வு அப்போது பாதி வழியில் இருந்தது. எல்லோருக்கும் இந்த இரண்டு வைட்டமின்களையும் கொடுங்கள் என்று நடுவிலேயே விதியை மாற்றினார்கள். கடும் விளைவுகள் வெகுவாகக் குறைந்தன. மருந்தின் பலன் குறையவில்லை. எனவே உங்கள் கையில் கொடுத்திருப்பதைச் சத்து மாத்திரை என்று நினைக்காதீர்கள். அது சிகிச்சையின் ஒரு பாதி. அதைத் தவறவிட்டால் மறு பாதி ஆபத்தாகிவிடும்.

விதி இதுதான். ஃபோலிக் அமிலம் தினமும் 0.4 முதல் 1 மில்லிகிராம் வரை. முதல் பெமிட்ரெக்செட் ஊசிக்கு முந்தைய ஏழு நாட்களில் குறைந்தது ஐந்து நாட்களாவது உள்ளே போயிருக்க வேண்டும். சிகிச்சைக் காலம் முழுவதும் தொடர வேண்டும். கடைசி பெமிட்ரெக்செட் ஊசிக்குப் பிறகும் 21 நாட்கள் நிறுத்தக் கூடாது. பி12 ஊசி 1 மில்லிகிராம், முதல் பெமிட்ரெக்செட் ஊசிக்கு ஒரு வாரம் முன்பு, பிறகு ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை. இந்த அளவுகளில் சந்தேகமில்லை.

சந்தேகம் இருப்பது அந்த ஏழு நாள் காத்திருப்பில். சண்டிகரில் உள்ள பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓர் ஆய்வு செய்து 2019இல் வெளியிட்டார்கள். வைட்டமின் தொடங்கிச் சுமார் ஒரு வாரம் காத்திருந்து கீமோ பெற்றவர்களையும், தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். ரத்த அணுக்கள் குறைவதில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே மூச்சுத் திணறலோடு நோய் வேகமாக முற்றிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, காத்திருக்காமல் தொடங்கிவிடலாம் என்று மருத்துவர் முடிவெடுத்தால் அதற்கும் ஆதாரம் உண்டு. ஆனால் உங்கள் மருத்துவர் காத்திருக்கச் சொன்னதுதான் நெடுநாளாக உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. அப்பா நடமாடிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார் என்றால் இந்த ஏழு நாளில் நோய் கைமீறிப் போய்விடாது. வேறு மருத்துவமனைக்கு ஓடி, அங்கே எல்லாப் பரிசோதனையையும் முதலிலிருந்து தொடங்கினால் ஒரு வாரத்துக்கு மேல் போய்விடும். ஓடாதீர்கள்.

மாத்திரையின் அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மருந்துக்கடைகளில் ஃபோலிக் அமிலம் என்று பொதுவாகக் கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரை. அவ்வளவு அதிகமாகக் கொடுத்தால் புற்றணுவுக்கும் அது உதவிவிடுமோ என்ற கேள்வி மருத்துவர்களிடையே இன்னும் முடிவாகவில்லை. சிலர் 5 மில்லிகிராமே எழுதுகிறார்கள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். கடையில் மாற்றித் தந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஏற்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. வீட்டில் கிடக்கிறதே என்று அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

இந்த வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டிய இன்னொரு காரியம் உண்டு. நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். திசுப் பரிசோதனையில் மரபணுச் சோதனைகள் செய்தார்களா, புற்றணுவை வளரத் தூண்டும் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணு மாற்றங்களுக்கான முடிவுகள் வந்துவிட்டனவா என்று கேளுங்கள். அடினோகார்சினோமா நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு, அதிலும் புகைப் பழக்கம் இல்லாதவர்களுக்கு, இந்த மாற்றங்களில் ஒன்று இருக்கும். இருந்தால் சிகிச்சையே மாறக்கூடும். மாத்திரையாக எடுக்கும் மருந்துகள் முன்னால் வரும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள 350 பேரிடம் செய்த ஆய்வில், ஜெஃபிட்டினிப் மாத்திரையுடன் இதே பெமிட்ரெக்செட், கார்போபிளாட்டினையும் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் கட்டுக்குள் இருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமானது. புற்றுநோயின் வகையும் முக்கியம். 2008இல் வெளியான பெரிய ஆய்வில், கார்போபிளாட்டினின் உறவான சிஸ்பிளாட்டினோடு பெமிட்ரெக்செட் சேர்த்தபோது அடினோகார்சினோமா நோயாளிகளின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம், 12.6 மாதம், ஜெம்சிடபின் என்ற வேறு கீமோ மருந்தைச் சேர்த்தவர்களுக்கு 10.9 மாதம். நுரையீரல் புற்றுநோயின் இன்னொரு வகையான ஸ்குவாமஸ் வகையில் இது தலைகீழானது: பெமிட்ரெக்செட்டுக்கு 9.4, ஜெம்சிடபினுக்கு 10.8. அதனால் ஸ்குவாமஸ் வகைக்கு இந்த மருந்தைக் கொடுப்பதில்லை. உங்கள் அப்பாவின் அறிக்கையில் அடினோகார்சினோமா என்று இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

இனி சிறுநீரகம். என்னைக் கேட்டால் இந்த மருந்தின் பாதுகாப்பு முழுவதும் சிறுநீரகத்தில்தான் நிற்கிறது. ஏறிய மருந்தில் 70 முதல் 90 விழுக்காடு, ஒரே நாளில், உருமாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடலில் தங்கும். தங்கும் ஒவ்வொரு மணி நேரமும் மஜ்ஜையை அழிக்கும். அதனால் சிறுநீரகம் ரத்தத்திலிருந்து கிரியாட்டினின் என்ற கழிவை வடிகட்டும் வேகம் (கிரியாட்டினின் கிளியரன்ஸ்) நிமிடத்துக்கு 45 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் பெமிட்ரெக்செட் கொடுக்கக் கூடாது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் 1.3 என்று இருக்கும். பக்கத்தில் இயல்பான அளவு 1.3 வரை என்று அச்சடித்திருப்பார்கள். எல்லாம் சரி என்று வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்த வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, அதை, 72ஐக் கிரியாட்டினினால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். வயது 62, எடை 50 கிலோ, கிரியாட்டினின் 1.3 என்றால் கிடைப்பது 41.7. எல்லைக்குக் கீழே. அதே மனிதருக்குக் கிரியாட்டினின் 1.0 என்றால் 54, கொடுக்கலாம். மெலிந்த உடம்புக்காரர்களிடம் இந்தச் சின்ன வித்தியாசம் உயிர் விஷயம். பெண்களுக்கு வரும் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் இதைப் பார்ப்பார்கள்; நீங்களும் போட்டுப் பாருங்கள், எல்லையை ஒட்டி வந்தால் தயங்காமல் கேளுங்கள். கார்போபிளாட்டின் அளவையும் சிறுநீரகத்தின் வேகத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதனால் அன்றன்று எடுத்த எடையும் அண்மையில் பார்த்த கிரியாட்டினினும் இல்லாமல் மருந்து கலக்கச் சொல்லக் கூடாது.

சிறுநீரகம் நன்றாக இருந்தும் அதைக் கெடுத்துக்கொள்வது எப்படி என்றால், அதற்கு நம் கடற்கரையில் வழி எளிது: வலி மாத்திரை. வலை இழுத்து, ஐஸ் பெட்டி தூக்கி முதுகு போன தலைமுறை இது. மருந்துக்கடையில் பெயர் சொல்லாமல் வாங்கும் கலவை மாத்திரையும், கிளினிக்கில் போட்டுக்கொள்ளும் வலி ஊசியும் பலருக்கு அன்றாடம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், பைராக்சிகாம், அசெக்லோஃபெனாக் எல்லாம் ஒரே குடும்பம். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, பெமிட்ரெக்செட் வெளியேறுவதைத் தடுக்கும். புத்தக விதிப்படி சிறுநீரக வேகம் 80க்குக் கீழே உள்ளவர்கள் ஐபுப்ரோஃபெனை ஊசிக்கு இரண்டு நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்புவரை தொடக் கூடாது. பைராக்சிகாம் போல உடலில் நெடுநேரம் தங்குபவற்றை ஐந்து நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஆனால் நான் சொல்வது, இவை எதுவும் சிகிச்சை முடியும்வரை உங்கள் வீட்டில் இருக்கவே வேண்டாம். நாள் எண்ணி விழுங்குகிற அளவுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. இடுப்பில் போடும் வலி ஊசியும் வேண்டாம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டும். வலி இருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பாராசிட்டமால் இருக்கிறது, அது போதாவிட்டால் டிரமடால், மார்ஃபின் என்று மருத்துவர் எழுதித் தருவார். புற்றுநோய் வந்தவருக்கு இடுப்பு வலி கூடினால் அது பழைய வலிதானா, எலும்புக்குப் பரவியதா என்று பார்க்கவும் வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 எடுப்பவரானால் அதைத் தாமாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் போதும்.

வலி மாத்திரையைப் போலவே மறைந்திருக்கும் இன்னொரு எதிரி கோ-ட்ரைமாக்சசோல். வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கொடுக்கும் பழைய மாத்திரை. அதுவும் ஃபோலேட்டின் வேலையைத் தடுப்பதுதான். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. நாட்டு மருந்து, பொடி, லேகியம் எடுக்கிறாரென்றால் அதையும் மறைக்காமல் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் இந்த மாதங்களில் அவருடைய சிறுநீரகத்தின் மேல் ஏற்ற வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

தண்ணீரும் அதே கதைதான். வெயிலில் வேர்வை சிந்தி, குடம் விலை கொடுத்து வாங்கும் தண்ணீரை அளந்து குடிக்கிற பழக்கம் நமக்கு. ஊசி போட்ட முதல் மூன்று நான்கு நாட்கள் வாந்தி வந்தாலும் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீர் மஞ்சளாகக் கறுத்துப் போனாலோ, அரை நாள் போகாமலே இருந்தாலோ உடனே மருத்துவமனையைக் கேளுங்கள். இதய நோய்க்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் மருத்துவர் சொன்ன அளவு.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதியிருப்பார்கள்: 4 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஊசிக்கு முந்தைய நாள், அன்று, மறுநாள் என்று மூன்று நாட்கள். தோலில் தடிப்பும் அரிப்பும் வராமல் தடுப்பதற்கு. முந்தைய நாள் மாத்திரையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். விடியற்காலை பஸ் பிடிக்கும் அவசரத்தில் அன்றைக்கான மாத்திரையும் வீட்டிலேயே நின்றுவிடும். சர்க்கரை நோய் இருந்தால் அந்த மூன்று நாளும் சர்க்கரை ஏறும், முன்பே சொல்லிவையுங்கள்.

மருத்துவமனையில் நடப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவு, உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட்ட உடற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 500 மில்லிகிராம், பரப்பு 1.5 என்றால் 750. தூளாக வரும் குப்பியைச் சாதாரண உப்புநீரில்தான் கரைப்பார்கள். ரிங்கர் லாக்டேட் என்ற வேறு வகை ஏற்றுநீரில் கால்சியம் இருப்பதால் அதில் கலக்கக் கூடாது. கரைத்த மருந்து நிறமில்லாமலோ, மஞ்சளாகவோ, இளம் பச்சை கலந்தோ இருக்கலாம், அது பிழையல்ல. நீங்களே கடையில் வாங்கிக் கொண்டுபோக நேர்ந்தால் ரசீதும் தொகுதி எண்ணும் கட்டாயம். தூள் குப்பி அறை வெப்பத்தில் இருக்கலாம். கரைசலாக வரும் சில தயாரிப்புகளைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வெயிலில் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரண்டு நாள் சிறுநீர், வாந்தி ஆகியவற்றில் மருந்து இருக்கும். கழிப்பறையில் இரண்டு முறை நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். நனைந்த துணியைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி யாரேனும் இருந்தால் அந்த வேலை அவருடையதல்ல. மற்றபடி அவருடன் உட்கார்ந்து சாப்பிடலாம், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். தட்டைத் தனியாக ஒதுக்கி வைக்கிறார்கள் சில வீடுகளில். அந்த மனிதரை அது எவ்வளவு புண்படுத்தும் என்று யாரும் நினைப்பதில்லை. அது தேவையே இல்லை.

எட்டாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டிய காலம். வெள்ளணுக்கள் பெரும்பாலும் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அல்லது காய்ச்சல் இல்லாமலே நடுக்கம் வந்தால், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மதுரைக்கும் கிளம்பாதீர்கள். வெள்ளணு குறைந்த நிலையில் வரும் காய்ச்சலுக்கு, போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும் என்பது விதி. நான்கு மணி நேரப் பயணத்தில் அந்த நேரம் கரைந்துவிடும். 108ஐ அழைத்து, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்தபடி மதுரை மருத்துவருடன் பேச வையுங்கள். அதற்கு இப்போதே ஒரு தாள் தயார் செய்யுங்கள்: நோயின் பெயர், மருந்துகளின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, சிகிச்சை தரும் மருத்துவரின் தொலைபேசி எண், 'காய்ச்சல் என்றால் ரத்த அணு எண்ணிக்கை பார்த்து உடனடி ஆன்டிபயாட்டிக் தேவை' என்று மருத்துவர் கையெழுத்தோடு ஒரு வரி. இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு இந்தத் தாள் பெரிய உதவி. வலிக்குப் பாராசிட்டமால் கொடுப்பதானாலும் முதலில் சூடு பார்த்துவிட்டுக் கொடுங்கள்; இல்லாவிட்டால் காய்ச்சலை அது மறைத்துவிடும்.

காய்ச்சலைத் தவிர, தண்ணீர் குடிக்க முடியாத அளவு வாய்ப்புண், நாளைக்கு நான்கைந்து முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு, பல் ஈறிலோ மலத்திலோ ரத்தம், திடீரென்று கூடும் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் ஆகியவை அன்றைக்கே சொல்ல வேண்டியவை. கடைசியாகச் சொன்னதை நோய்தான் முற்றிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். இந்த மருந்து அரிதாக நுரையீரலிலேயே அழற்சியை உண்டாக்கும். சரியான நேரத்தில் கண்டால் சிகிச்சை உண்டு.

நெஞ்சில் நீர் கோத்திருந்தால் என்ன செய்வது என்பது நிச்சயமற்ற ஒன்று. மருந்து அந்த நீரில் தேங்கி மெல்லக் கசியுமோ என்ற அச்சத்தில், முதலில் நீரை எடுத்துவிடச் சொல்வது பழைய வழக்கம். 31 பேரிடம் செய்த சிறிய ஆய்வில் நீர் இருந்தும் மருந்து வெளியேறும் வேகத்தில் மாற்றமில்லை. நிறைய நீர் இருந்தால் மூச்சுக்காகவாவது எடுக்கத்தான் வேண்டும். கொஞ்சமாக இருந்தால் மருத்துவரின் முடிவு.

மீன் தாராளமாகக் கொடுங்கள். கவுச்சி சேர்த்தால் புண் ஆறாது, நோய் பரவும் என்று உறவினர்கள் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. மீனையும் முட்டையையும் நிறுத்திக் கஞ்சியில் கிடத்தினால் எடை குறையும். எடையோடு சிகிச்சையைத் தாங்கும் தெம்பும் போகும். நன்றாக வெந்த மீன், அன்றைக்குப் பிடித்தது, அன்றைக்கே சமைத்தது. நண்டும் கணவாயும் அப்படியே. வேகாத எதுவும், முந்தைய நாள் குழம்பும் வேண்டாம். கருவாடு உப்பு என்பதால் ஆசைக்கு ஒரு துண்டு. வாய்ப்புண் இருக்கும் நாட்களில் நம் முண்டு மிளகாய் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி இருக்கட்டும்.

நான்கு சுற்று முடிந்ததும் கார்போபிளாட்டினை நிறுத்திவிட்டுப் பெமிட்ரெக்செட்டை மட்டும் தொடரலாம் என்பார்கள். பலருக்கு அது மாதக்கணக்கில் போகும். அப்போதுதான் எல்லோரும் அசந்துவிடுகிறார்கள்: ஊசி பழகிவிட்டது, தலைமுடி கொட்டவில்லை, வாந்தியும் இல்லை. ஆனால் நெடுநாள் பெமிட்ரெக்செட்டில் சிறுநீரகம் சத்தமில்லாமல் தேயக்கூடும். கிரியாட்டினின் 0.9, 1.0, 1.2 என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறதா என்று பழைய தாள்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே இயல்பு என்றுதான் தெரியும். கால் வீக்கம், கண்ணில் நீர் வடிதல் வந்தாலும் சொல்லுங்கள். பி12 ஊசியின் ஒன்பது வாரக் கணக்கும் இந்தக் காலத்தில்தான் தப்பும்.

கடைசியாகக் கடல். ஜூன் 14ஆம் தேதியோடு தடைக்காலம் முடியும்; ஊரே படகில் ஏறும்போது அவரை மட்டும் திண்ணையில் உட்கார வைப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போக வேண்டாம் என்பதே என் பதில். இரவு முழுக்கக் கடலில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் கரை சேர்வதற்கே பல மணி நேரம். மீன் முள் குத்தினாலும் வலைக்கயிறு அறுத்தாலும், எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் புகுந்தால் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகலாம். தட்டணு குறைந்திருந்தால் ரத்தம் நிற்காது. வெயிலும் தாகமும் சிறுநீரகத்துக்குச் செய்வதை முன்பே சொன்னேன். மூன்றாவது வாரத்தில், ரத்த அணுக்கள் ஏறியிருந்தால், கரைக்கு வரலாம். நிழலில் உட்கார்ந்து ஏலத்தைப் பார்த்துக்கொள்ளலாம், கணக்கு எழுதலாம், எந்தப் படகு எங்கே போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். வலை முடைவதானால் கையுறையோடு. நான்கு சுற்றுக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பெமிட்ரெக்செட் மட்டும் தொடரும் கட்டத்தில், பகலில் போய்ப் பகலிலேயே திரும்பும் சிறு வள்ளத்தில் போகலாமா என்று மருத்துவரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.